பதிவில் இல்லாதது

டுலூத் நகரம், நீதிமன்றத்தின் மூன்றாம் மாடி.
மார்ச் முடியப்போகிறது, ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது.
என் வேலை எளிது:
வாய் அசைந்தால் விரல் அசைய வேண்டும்.
இருமலைப் பதிவதில்லை. பெருமூச்சையும்.

வழக்கு ஒரு பிக்கப் வண்டியைப் பற்றியது.
சிவப்பு விளக்கில் நின்றிருந்த லொரெட்டா காங்கஸை
ரொட்டி வேன் ஒன்று பின்னாலிருந்து முட்டியது.
பழுது பார்த்தாயிற்று, செலவைக் கொடுத்தாயிற்று,
பிறகென்ன என்கிறது காப்பீட்டு நிறுவனம்.
அடிபட்ட வண்டி அடிபட்ட வண்டிதானே என்கிறாள் அவள்.
இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே
ஆறாயிரத்து நானூறு டாலர்
என்று எழுதிக் கையெழுத்திட்டவர் டெல்பர்ட் நியெமி.

ஜூரியை வெளியே அனுப்பிவிட்டு அவரைக் கூண்டில் ஏற்றினார்கள்.
முப்பத்தோரு வருடமாக வண்டிகளுக்கு விலை சொல்பவர்.
கோட்டு மட்டும் அவருடையது அல்ல போலிருந்தது.

“எப்படிக் கணக்கிட்டீர்கள்?”
“மூன்று விற்பனையாளர்களைக் கேட்டேன்.”
“ஏன் மூன்று?”
“நாலாவது ஆள் போனை எடுக்கவில்லை.”
யாரோ சிரித்தார்கள். அதையும் நான் பதியவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்,
அடுப்படியில் சரி.
இங்கே அந்த ஒரு சோற்றை எங்கிருந்து எடுத்தாய்,
அடியில் தீய்ந்ததா, மேலே வேகாததா,
வேறொருவர் அகப்பையை விட்டாலும் இதே பதம் வருமா,
இதுவரை எத்தனை முறை உன் விரல் தவறியது
என்று கேட்பார்கள். கேட்டார்கள்.
கொரின் ஹால்வர்சன், நிறுவனத்தின் வக்கீல்,
குரலை ஒருமுறைகூட உயர்த்தாமல்.

பெயிண்டின் தடிமன் அளக்கும் கருவியை எடுத்துக் காட்டினார் நியெமி.
பின்கதவில் பதினொன்று, மற்ற இடமெல்லாம் நாலரை.
“நல்லது. பதினொன்றிலிருந்து ஆறாயிரத்து நானூறுக்கு
எந்தப் பாலத்தின் வழியாக வந்தீர்கள்?”

அவர் பதில் சொல்லவில்லை.
உள்ளங்கையை விரித்து,
அங்கே இல்லாத ஒரு கதவைக்
காற்றில் மெல்லத் தடவிக்கொண்டே போனார்.
ஓரிடத்தில் கை நின்றது.
“இங்கே,” என்றார்.

இங்கே. தட்டினேன்.
எங்கே என்பதற்கு என் இயந்திரத்தில் விசை கிடையாது.

நீதிபதி ப்ரூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“திரு நியெமிக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.
தெரியும் என்றே நினைக்கிறேன்.
எப்படித் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.
சாட்சியம் ஏற்கப்படவில்லை.”
கருவியை உறையில் போட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.
பொத்தான் பழுது.

ஆனால் சொந்தக்காரி தன் பொருளின் விலையைச் சொல்லலாம்,
அதற்குப் படிப்போ கருவியோ வேண்டாம் என்றார் நீதிபதி.
ஜூரி திரும்பி வந்து உட்கார்ந்தது.
லொரெட்டா, முதியோர் இல்லத்தில் இரவுச் சமையல்காரி,
நேரே வேலையிலிருந்து வந்திருந்தாள், கையில் வெங்காய வாசனை.

மோதலுக்கு முன்னால்?
“இருபத்தெட்டாயிரம்.”
இப்போது?
“விற்றால் சொல்லிவிட்டுத்தான் விற்பேன்.
சொன்னால் யார் வாங்குவார்கள்? நானே வாங்க மாட்டேன்.”
எண் வேண்டும் அம்மா.
“இருபது. இருபதாயிரம்.”

குறைவு எட்டாயிரம்.
நியெமி சொல்ல முடியாமல் போனதைவிட
ஆயிரத்து அறுநூறு கூட.
இது செல்லும். இது பதிவில் இருக்கிறது.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில்
உப்புக்கறையோடு நின்றது அந்தப் பிக்கப்.
யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும்
கையுறையைக் கழற்றிக்
கதவின் முன்விளிம்பிலிருந்து பின்னால் தடவினேன்.
ஓரிடத்தில் கை நின்றது.

மேடாக இருக்கலாம்.
குளிரில் தோல் இரும்போடு ஒட்டியதாகவும் இருக்கலாம்.